ஓடுவதற்கே வண்டி

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, மொழி, பண்பாடு, பெற்றோர் கடமை என்னும் வழமையான தலைப்புகளே முதலில் எம் நினைவுக்கு வந்தன. அவை பற்றி எழுதுவதற்கு எம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆகவே, கடந்த ஓராண்டாக எமது வீட்டுக் கொட்டிலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பழைய துவிச்சக்கரவண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். துருப்பிடித்த வண்டிக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். அந்தத் தொடர்பு எமக்கே காலந்தாழ்த்தித்தான் விளங்கியது.

எமது தெருவில் நீண்டகாலம் வாழ்ந்த முதிய ஆங்கிலேயர் ஒருவர் சென்ற ஆண்டு முதியோர் இல்லமொன்றுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டைக் காலி செய்த நாளில் அவர் எமது மகனை அழைத்து, சாக்குப் போர்த்தி மூலையில் சாத்தியிருந்த ஒரு வண்டியைக் காட்டினார். தாம் இளைஞராயிருந்த 1950களில், தென் இலண்டனிலுள்ள ஹேர்ன் ஹில் ஓட்டத்திடலில் பந்தயம் ஓடிய வண்டி அது என்றார். பணம் வேண்டாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதனை அழகுப் பொருளாகச் சுவரில் மாட்டக்கூடாது, திருத்தி ஓட்ட வேண்டும் என்றார். மகன் உடனே ஒப்புக்கொண்டான்.

நாம் ஒப்புக்கொள்ளவில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கு அவனுக்கு ஓராண்டே இருந்தது. "எண்ணெய்க் கையோடு திரியவா இவ்வளவு பாடுபட்டு இந்த நாட்டுக்கு வந்தோம்?" என்று வீட்டில் பலமுறை கேட்டோம். இக்கேள்வி எமது வீட்டில் மட்டும் ஒலிப்பதன்று என்பதை இதனைப் படிக்கும் பெற்றோர் அறிவர். அக்கேள்வி பிழையானது என்பதே இன்று எமது கருத்து. அதற்கான காரணங்களை ஒழுங்காகக் கூற முற்படுகின்றோம்.

முதலில் அந்த வண்டியின் இயல்பை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நாம் அன்றாடம் ஓட்டும் சைக்கிளின் பின்சில்லில் 'பிறீவீல்' என்னும் உறுப்பு உண்டு. மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் சுழலும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்திருக்கலாம். ஓட்டத்திடல் வண்டியில் அந்த உறுப்பு இல்லை. பின்சில்லின் பற்சில்லு அச்சுக்குடத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். இதனையே ஆங்கிலேயர் 'பிக்ஸ்ட் வீல்' என்பர். நாம் நிலைப்பல் வண்டி எனலாம். சில்லு சுழலும்வரை மிதியும் சுழலும். மிதி சுழலும்வரை காலும் சுழன்றே ஆகவேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், மிதி மேலெழும்போது அதனைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும்.

திடலில் ஓடும்போது இவ்வண்டிகளுக்குப் பிறேக் கிடையாது. கேட்போருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. ஒருவர் பின் ஒருவராக ஒரு சாண் இடைவெளியில் விரையும் வீரர்களுள் முன்செல்பவர் திடீரெனப் பிறேக்கைப் பிடித்தால் பின்வருவோர் அனைவரும் வீழ்வர். எவரிடமும் பிறேக் இல்லாதபோது எவரும் திடீரென நிற்க முடியாது. அதுவே அனைவருக்கும் காப்பாகின்றது.

இவ்வண்டியில் மாற்றுவதற்குப் பல கியர்கள் இல்லை, ஒன்றே உண்டு. முதியவரின் வண்டியில் முன்னே 48 பற்கள், பின்னே 16 பற்கள். கால் ஒருமுறை சுற்றினால் சில்லு மூன்றுமுறை சுற்றும். சில்லின் விட்டம் 27 அங்குலம் ஆதலால், மூன்றால் பெருக்கி இதனை 81 அங்குலக் கியர் என்பர். முன்சில்லு ஆளுயரம் இருந்த மிகப் பழைய வண்டிகளின் காலத்திலிருந்து வந்த கணக்கு இது. ஒரு சுற்று மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஆறரை மீற்றர் செல்லும். விகிதம், விட்டம், பரிதி என்று கணித வகுப்பில் கற்றவை எல்லாம் இங்கே காலுக்குக் கீழே வந்துவிடுகின்றன.

அவ்வண்டி ஓடிய இடத்தின் வரலாறும் அறியத்தக்கது. ஹேர்ன் ஹில் ஓட்டத்திடல் 1891 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவின் திடல் மிதிவண்டிப் போட்டிகள் அங்கேயே நிகழ்ந்தன. விடுதலை பெற்ற இந்தியாவும் இலங்கையும் முதன்முறையாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் விழாவும் அதுவே. பிரித்தானியாவின் றெஜ் ஹாரிஸ் அதே ஆண்டின் முற்பகுதியில் வீதி விபத்தொன்றில் முதுகெலும்பிலும், பின்னர் திடலில் வீழ்ந்து கையிலும் முறிவடைந்திருந்தார். அவ்வாறிருந்தும் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளிப் பதக்கங்களை வென்றார். அவர் 1974 ஆம் ஆண்டு, தமது 54 ஆவது வயதில், மீண்டும் திடலுக்கு வந்து பிரித்தானியாவின் குறுந்தூர ஓட்ட வாகையர் பட்டத்தைப் பெற்றார். பெற்றோரே, ஐம்பது வயதில் முழங்கால் நோகிறது என்று கதிரையை விட்டு எழாத எம்மைப் போன்றோர் இச்செய்தியை இருமுறை படிப்பது நன்று.

அத்திடலும் ஒரு காலத்தில் கைவிடப்படும் நிலையை அடைந்தது. ஓடுதளம் பழுதடைந்தது, பார்வையாளர் மண்டபம் பாழடைந்தது. அதனை நேசித்த மக்கள் விட்டுவிடவில்லை. 2011 ஆம் ஆண்டு ஓடுதளம் புதிதாக இடப்பட்டது. 2017 ஆம் ஆண்டு புதிய மண்டபம் திறக்கப்பட்டது. 1948 ஐ நினைவூட்டும் காட்சிசாலையாக அதனை வேலியிட்டு வைத்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. இன்று அங்கே சிறுவர் பயிற்சி பெறுகின்றனர்; வீழ்கின்றனர்; எழுந்து மீண்டும் ஓடுகின்றனர். முதியவர் எமது மகனுக்கு இட்ட நிபந்தனையும் அதுவே என்பதை வாசகர் நோக்குவாராக.

இனி, திருத்திய கதைக்கு வருவோம். வண்டியின் சட்டகம் றெனோல்ட்ஸ் 531 என்னும் உருக்குக் குழாய்களாலானது. பேர்மிங்காம் நகரில் உருவான இவ்வகைக் குழாய் 1935 ஆம் ஆண்டு அறிமுகமாகி, பல தலைமுறைப் பந்தய வீரர்களின் வண்டிகளைத் தாங்கியது. பொருத்தும் இடங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பதால் அதற்கு வலிமையும் உண்டு, பாரக்குறைவும் உண்டு. பல ஆண்டுக்காலம் கொட்டிலில் கிடந்தும் உள்ளே உருக்கு உறுதியாகவே இருந்தது. கெட்டிருந்தவை அதனைச் சுற்றியிருந்த சிறு உறுப்புகளே.

முதலில் சீற் தண்டு அசைய மறுத்தது. அலுமினியக் கலவைத் தண்டு உருக்குக் குழாயினுள்ளே பூத்துப் பிடித்திருந்தது. சுத்தியலால் அடித்தால் குழாய் நெளியும். மகன் ஒவ்வொரு மாலையும் ஊடுருவும் எண்ணெயைச் சில துளி விட்டு, ஒருமுறை திருப்பிப் பார்த்து, அசையாதது கண்டு, கையைக் கழுவிவிட்டுப் படிக்கச் சென்றான். ஒன்பதாம் நாள் அது மெல்லிய கீச்சொலியுடன் திரும்பியது. ஒரு பொத்தானை அழுத்தினால் யாவும் வந்து சேரும் காலத்தில் வளரும் பிள்ளை, ஒன்பது நாள் காத்திருக்கக் கற்றதை எந்தப் பரீட்சைப் பெறுபேற்றிலும் காண முடியாது. நாம் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து மிதி அச்சைத் தாங்கும் கிண்ணங்களைக் கழற்ற வேண்டியிருந்தது. இங்கேதான் நாம் தலையிட்டோம். ஊரில் ஒட்டுப் போட்டும், செயின் கழுவியும், போல்ஸ் மாற்றியும் பழகிய கையல்லவா! வலப்பக்கக் கிண்ணத்தில் சாவியை மாட்டி, வழமைபோல் இடப்பக்கமாகத் திருப்பினோம். அசையவில்லை. மேலும் பலங்கொண்டு திருப்பினோம். அப்போது மகன் தயங்கியபடி சொன்னான்: "அப்பா, இந்தப் பக்கம் மட்டும் மற்றப் பக்கமாத் திருப்ப வேணுமாம். நீங்கள் இறுக்கிக்கொண்டு நிக்கிறீங்கள்."

அவன் கூறியது உண்மை. பிரித்தானிய முறையில் அமைந்த சட்டகங்களில், செயின் உள்ள பக்கத்துக் கிண்ணத்தின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்கும்போது அது தானாகத் தளராமல் இருப்பதற்காகவே அவ்வேற்பாடு. வெட்கத்தை மறைப்பதற்காக, "ஓம் தம்பி, இது இடம்புரி" என்றோம். "இடம்புரி எண்டால் என்ன?" என்று அவன் கேட்டான். சங்கில் வலம்புரி, இடம்புரி என இருவகை உண்டு என்றும், கயிற்றின் முறுக்குக்கும் புரி என்றே பெயர் என்றும் சொன்னோம். பின்சில்லிலும் அதே தத்துவம் இருப்பதைக் காட்டினோம். பற்சில்லு வலம்புரியாகத் திருகப்படும்; அதன்மேல் வரும் பூட்டு வளையம் இடம்புரி. காலால் எதிர்த்து அழுத்தும்போது பற்சில்லு கழல முயன்றால், அதே அசைவு பூட்டு வளையத்தை இறுக்கிவிடும். ஒன்றையொன்று எதிர்த்துத் திரும்பும் இரு புரிகளே ஓட்டுபவரைக் காக்கின்றன. சற்றுநேரம் பேசாதிருந்த மகன், "இப்ப புரியுது அப்பா" என்று சொல்லித் தானே சிரித்தான்.

அன்று மாலை மட்டும் மரை, சுரை, புரி, அச்சு, குடம், துரு, நெளிவு, தளர்வு எனப் பல சொற்கள் அவன் வாயில் வந்தன. எட்டாண்டு தமிழ்ப் பள்ளிக்குச் சென்ற பிள்ளை அவன். சான்றிதழ்கள் உண்டு; பேச்சுப் போட்டிப் பரிசுகளும் உண்டு. எனினும், மேடையில் மனனம் செய்து ஒப்புவித்த தமிழுக்கு அப்பால், ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்காக அவன் தமிழ் பேசக் கேட்டது எமக்கு அதுவே முதல் தடவை. இக்குறை பள்ளியினுடையதன்று. வீட்டில் தமிழால் ஆகவேண்டிய வேலை எதனையும் நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை.

பின்னர் நிறப்பூச்சுப் பற்றிய வழக்கு எழுந்தது. பழைய பச்சை நிறம் பல இடங்களில் உரிந்திருந்தது. யாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதுநிறம் பூசினால் கண்ணைப் பறிக்கும் என்றோம் நாம். மகன் மறுத்தான். பின்சில்லைப் பொருத்தும் பிளவுகளில், அச்சுச் சுரைகள் பலநூறு முறை இறுக்கப்பட்டதால் விழுந்த வட்டத் தழும்புகள் இருந்தன. முன்கவட்டில், பந்தயச் சில்லுகளைக் கட்டிச் சென்றதால் தேய்ந்த தடங்கள் இருந்தன. அக்காலக் கழக வீரர்கள் முன்பிறேக் ஒன்றைப் பூட்டி, பந்தயச் சில்லுகளை வண்டியின் முன்புறத்தில் இரு மருங்கும் கட்டிக்கொண்டு, வீதிவழியே திடலுக்கு ஓட்டிச்சென்று, பந்தயம் ஓடிப் பின் அவ்வண்டியிலேயே வீடு திரும்புவர். அத்தடங்களை அழித்தால் வண்டி புதிதாகும். ஆனால் அது முதியவரின் வண்டியாக இராது என்பது மகனின் வாதம்.

யோசித்துப் பார்த்தபின் அவன் பக்கமே நியாயம் எனக் கண்டோம். அதேவேளை நாமும் ஒரு வரையறை விதித்தோம். உயிரைத் தாங்கும் உறுப்பு எதுவும் பழையதென்ற காரணத்தால் மதிக்கப்படக்கூடாது. ரயர், செயின், பிறேக் கட்டை, கம்பி வடம், போல்ஸ் ஆகியன புதியனவாக வேண்டும். சட்டகத்தின் பொருத்துகளிலும் முன்கவட்டிலும் வெடிப்பு உண்டா எனப் பழகிய கைவினைஞர் ஒருவர் பார்க்க வேண்டும். நினைவைத் தாங்குவதைக் காப்போம். உயிரைத் தாங்குவதை மாற்றுவோம். பழையதைப் பேணுவதில் இதனைவிட நல்ல விதி எமக்குத் தெரியவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் எவரேனும் இவ்வகை வண்டியில் ஆர்வம் கொண்டால் மூன்று செய்திகளை மறவாதீர்கள். ஒன்று: பிரித்தானியப் பொதுவீதியில் பிறேக் இன்றி ஓடுவது சட்டத்துக்கு மாறானது. நிறுத்தும் ஏற்பாடுகள் இரண்டு வேண்டும். நிலைப்பல் வண்டியில் காலின் எதிரழுத்தம் பின்சில்லுக்குரிய ஏற்பாடாகக் கொள்ளப்படும். முன்சில்லுக்குப் பிறேக் கட்டாயம். இரண்டு: சில்லு சுழலும்போது செயினைத் துணியால் துடைக்காதீர்கள். சாதாரண வண்டியில் செயின் நின்றுவிடக்கூடும், இதில் நில்லாது. துணியையும் விரலையும் சேர்த்துப் பல்லுக்குள் இழுத்துவிடும். மூன்று: செயின் தளர்ந்து கழன்றால் பின்சில்லு இறுகி நின்றுவிடலாம், மிக இறுகினால் போல்ஸ் தேயும். நடுவில் விரலால் அழுத்தினால் சிறிதளவு அசையும் பதமே சரியானது.

முதன்முறை மகன் அவ்வண்டியில் ஏறியபோது, பூங்காவின் பாதையில் பத்து மிதி மிதித்துவிட்டுப் பழக்கத்தால் காலை ஓய்வாக்க முயன்றான். வண்டி அவனை ஆசனத்திலிருந்து தூக்கிவிட்டது. வீழாமல் தப்பினான். முகத்தில் அச்சமும் மகிழ்ச்சியும் கலந்திருந்தன. சில கிழமைகளில் அவன் வண்டியோடு வாதிடுவதை விட்டுவிட்டான். இறக்கத்தில் வேகத்தைக் காலாலே அளந்து அடக்கவும், வளைவில் மிதி நிலத்தில் தட்டாதவாறு வண்டியை நிமிர்த்திப் பிடிக்கவும் கற்றுக்கொண்டான்.

அவனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எமக்கு வேறொரு சில்லு நினைவுக்கு வந்தது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருளும் அரிது, வானொலிக்கு மின்கலம் கிடைப்பதும் அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓயும். முறைவைத்துச் சுற்றினோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அரிசி மூட்டையையும் நடக்க முடியாத பாட்டியையும் சுமந்து வந்தது அதே வண்டிதான். அதன் சில்லைத் திருத்தவும், ஒட்டுப் போடவும், செயினைக் குறுக்கவும் தெரிந்த எண்ணெய்க் கைகளே பலரைக் கரை சேர்த்தன.

அக்கைகளுக்குச் சொந்தக்காரராகிய நாமே இன்று பிள்ளையின் கையிலுள்ள கிறீஸைக் கண்டு நாணுகின்றோம்! மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எமது மகனும் படிப்பைக் கைவிடவில்லை. ஆனால் கைவேலை என்பது படிப்பில் தோற்றவருக்கு விதித்த தண்டனை என்னும் எண்ணத்தை எம் பிள்ளைகளுக்குக் கடத்துவோமாயின், எம்மைக் காத்த ஒன்றையே இழிவுபடுத்தியவராவோம். பொறியியல் கற்க விரும்பும் பிள்ளை ஒரு புரி எத்திசையில் திரும்புகின்றது என்பதைக் கையால் அறிந்திருப்பது அவனுக்கு இழுக்கன்று.

இனித் தமிழுக்கு வருவோம். எம் மொழி எம்மிடம் பழைய வண்டியாக வந்து சேர்ந்திருக்கின்றது. அதனை நாம் இருவகையில் வைத்திருக்கலாம். துடைத்து மெருகிட்டுச் சுவரில் மாட்டி, விருந்தினர் வரும்போது காட்டலாம். ஆண்டுக்கொருமுறை பட்டுடுத்தி மேடையேறி, பொருள் விளங்காத பாடலை ஒப்புவித்து, கைதட்டலுடன் வீடு செல்லும் வழியில் காரினுள்ளே ஆங்கிலம் பேசுவது அவ்வகை. விழா வேண்டாம் என்பதன்று எம் கருத்து. திருத்திய வண்டியை நாலுபேருக்குக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் மறுநாள் அது வீதியில் ஓட வேண்டும். சமையலறையில், கொட்டிலில், தோட்டத்தில், கடைக்கணக்கில், பிள்ளையிடம் ஒரு வேலையை ஒப்படைத்து அவ்வேலையைத் தமிழிலேயே பேசி முடிக்க வேண்டும். கீறல் விழும், உச்சரிப்பு நெளியும், ஆங்கிலச் சொல் இடையே புகும். புகட்டும். செயின் என்பதும் பிறேக் என்பதும் எம் ஊரில் தமிழரின் வாயில் தமிழாகவே ஓடிய சொற்கள்தாம். கீறல் விழுந்தாலும் ஓடும் வண்டியே வண்டி.

வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மற்ற ஆறு நாளும் தமிழ் தன்பாட்டில் ஓடும் என்று நம்புவது பிறீவீல் நம்பிக்கை. இறக்கம் உள்ளவரை அது பொய்க்காது. எம் பிள்ளைகள் வாழும் இந்நாட்டில் தமிழுக்கு இறக்கம் இல்லை, எங்கும் ஏற்றமே. இங்கே கால் சுழன்றால்தான் சில்லு சுழலும். அக்கால் ஆசிரியருடையது மட்டுமன்று, எம்முடையதும் ஆகும்.

சென்ற மாதம் வண்டியை அம்முதியோர் இல்லத்துக்குக் கொண்டுசென்றோம். முதியவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். பாராட்டை எதிர்பார்த்து நின்றோம். அவர் நிறப்பூச்சைப் பார்க்கவில்லை. பின்சில்லை உயர்த்திப் பிடிக்குமாறு மகனிடம் கூறி, மிதியைக் கையால் ஒருமுறை சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, செயின் ஒரு மயிரிழை இறுக்கம், வீட்டுக்குப் போனதும் தளர்த்து என்றார். அவ்வளவுதான். அன்று மாலை மகனும் நாமும் கொட்டிலில் அமர்ந்து அதனைத் தளர்த்தினோம். பேசியது முழுவதும் தமிழில்.